கல் நீலம்

சுண்டுவிரல் உடைந்த சத்தம் அவள் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது.

அவளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அருமைநாயகம் கத்தவில்லை. மேசையோடு அழுத்தப்பட்டிருந்த தன் கையை, வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"புதுசுன்னு எழுதுங்க மேடம்," என்றான் ஸ்பேனர் வைத்திருந்தவன். "அவ்வளவுதான். நாங்க போய்ட்டே இருப்போம்."

ஞாயிறு மதியம். ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. இன்னொருவன் கதவில் சாய்ந்து நின்றான்.

அவளை அவர்கள் தொடவில்லை. கையெழுத்துப் போட அவள் கை வேண்டும்.

நுண்ணோக்கியின் கீழே ஓவியச் சுவடியின் ஒரு தாள். சமணச் சுவடி. நீலப் பின்னணி, பொன் எழுத்து. படத்தில், இளவரசனாக இருந்தவர் துறவு பூண்டு, தன் தலைமுடியைத் தானே பிடுங்கிக்கொள்கிறார். அந்தக் கால ஓவிய வழக்கப்படி முகத்துக்கு வெளியே துருத்திய அவரது கண், கணினித் திரை முழுக்க விரிந்து நின்றது.

வெளிநாட்டுக்குக் கடத்தும்போது போலீஸ் பிடித்த சுவடி. பழையதா, புதியதா என்று கேட்டு நீதிமன்றம் இங்கே அனுப்பியிருந்தது.

பழையது என்றால் அதை அனுப்பிய வியாபாரிக்குச் சிறை. புதியது என்றால் வழக்கே இல்லை. சுவடி அவனிடமே திரும்பிப் போகும்.

அவளுக்கு விடை தெரியும். அந்த நீலத்தில் கல் துகள்கள் இருந்தன. மலையில் வெட்டி, அரைத்து, கழுவி எடுத்த நீலம். ஆலை நீலத்தில் அவை இருக்காது. பச்சை பூசிய இடங்களில், அந்தச் சாயத்தில் இருந்த செம்பு காலப்போக்கில் தாளைத் தின்றிருந்தது. தாளுக்கு ஐந்நூறு வயது என்று கார்பன் சோதனையும் சொல்லிவிட்டது.

துகள்களை முதலில் கண்டவர் அருமைநாயகம்தான். "வாசுகி, இங்க வந்து பாருங்களேன்!" என்று ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டார்.

இப்போது மெதுவாகச் சொன்னார். "எழுதாதீங்க."

ஸ்பேனர் இறங்கியது.

மோதிர விரல். நகம் பிளந்து இரத்தம் தெறித்தது. இம்முறை கத்தினார்.

அவள் கை தானாக நீண்டது.

தாளின் மேல் கவிந்தது.

துளிகள் அவள் புறங்கையில் விழுந்தன. தாளில் ஒன்றும் விழவில்லை.

நிமிர்ந்தபோது அருமைநாயகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதைக் காப்பாற்றினாள் என்பதைப் பார்த்துவிட்டார்.

"மேடத்துக்குப் படத்து மேலதான் பாசம்," என்று சிரித்தான் ஸ்பேனர்காரன். நடுவிரலை இழுத்து நேராக வைத்தான்.

"எழுதுறேன்."

"வேண்டாம்..."

"எழுதுறேன். அவர விடுங்க!"

எழுதினாள். அண்மைக்கால நகல். கையெழுத்து. முத்திரை.

"மெஷின்ல கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கங்க," என்றான் அவன். போகிற போக்கில் அருமைநாயகத்தின் விலாவில் ஓர் உதை. தேவையே இல்லாத உதை.

ஆஸ்பத்திரியில் விரல்களுக்குள் கம்பி செருகித் தைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் கேட்டார்.

"அந்த அறிக்கையக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"அப்ப இந்த ரெண்டு விரல் எதுக்கு?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி எஸ்தர் அவளைப் போகச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

வழக்கு வந்தது. வியாபாரியின் வக்கீல் அறிக்கையை அவள்முன் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதுதான்."

வக்கீல் திருப்தியாகத் திரும்பினார்.

"எழுதியிருக்கறது பொய்," என்றாள்.

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு நீலத்தைப் பற்றிச் சொன்னாள். பச்சையைப் பற்றி. தாளின் வயதைப் பற்றி. ஞாயிறு மதியம் நடந்ததை அவள் சொல்லத் தொடங்கியபோது, கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து, செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே போனான்.

நீதிபதி மறுஆய்வுக்கு உத்தரவிட்டார். சுவடி அரசுக் காவலிலேயே இருக்கும் என்றார். அவளுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் மனுப் போடச் சொன்னார்.

வாசலில் அருமைநாயகம் நின்றிருந்தார். வருவார் என்று அவள் நினைக்கவில்லை. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள்.

"பஸ்ஸுக்குத்தானே?" என்றார் அவர்.

"ஆமா."

நடந்தார்கள். எங்கோ பின்னால் ஒரு பைக் கிளம்பியது. முந்திப் போகவில்லை. அவர்களுடைய வேகத்துக்கே உறுமிக்கொண்டு வந்தது.

அருமைநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை. அவளைச் சுவரோரமாக விட்டு, தான் சாலைப் பக்கம் வந்தார்.