ஒன்பது மணி ரவுண்ட்ஸ்

டபுள் மாஸ்க்கை வேலையை விட்டு அனுப்புவதென்று பெரிய டாக்டர் காலையிலேயே முடிவு கட்டிவிட்டார். மதியம் நடக்கப்போகும் விசாரணை சும்மா ஒப்புக்குத்தான்.

டபுள் மாஸ்க் என்பது தொற்றுநோய் வார்டு நர்ஸ். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போடுவாள். சோப்புக் கட்டி காணாமல் போகிறவரை கை கழுவுவாள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவானே பெரிய டாக்டர்தான். போதாக்குறைக்குப் போன வாரம், பயமாக இருக்கிறது சார், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்தாள்.

பயத்தை இப்படியா வெளியில் சொல்வார்கள்? பெரிய டாக்டருக்கும் அது உண்டு. ஆனால் அவர் அதற்கு 'முன்னெச்சரிக்கை' என்று கௌரவமாகப் பெயர் சூட்டி வைத்திருந்தார்.

வார்டில் இருந்தது ஒரே ஒரு நோயாளி, ஐந்தாம் அறைப் பெரியவர். அவரைத் தினமும் ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் 'பார்ப்பார்'. அதாவது, அறை இருப்பது வராந்தாவின் அந்தக் கோடியில். ரவுண்ட்ஸ் நோட்டு இந்தக் கோடி மேஜையில். நின்றபடியே எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார். அத்தனை அனுபவத்துக்குக் கிட்டே போய்த்தான் தெரியவேண்டுமா என்ன?

இன்று காலை எட்டு மணிக்கு வார்டுக்குப் போன் செய்தார். எடுக்க ஆளில்லை. ஐந்தாறு தடவை அடித்தும் இல்லை. ஓடிவிட்டாள், சந்தேகமே இல்லை!

பகல் பன்னிரண்டுக்கு வருவதையே பெரிய மனசாக நினைக்கும் மேனேஜர், விசாரணைக்கு வந்து உட்கார்ந்தார். டபுள் மாஸ்க் கதவோரமாக நின்றாள். புருஷன் படுத்த படுக்கை, இவள் வேலையும் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

பெரிய டாக்டர் பிளந்து கட்டினார். கடமை, தியாகம், சேவை, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"நானும் மனுஷன்தான். எனக்கும் பொண்டாட்டி, புள்ளைங்க இருக்காங்க. இவ ஓடினதுக்கப்புறம் ஒன்பது மணிக்கு நானே அந்த ரூமுக்குள்ள போனேன். நெஞ்சுல ஸ்டெத் வெச்சுப் பார்த்தேன். கையைப் பிடிச்சுத் தைரியம் சொன்னேன். பெரியவர் கண் கலங்கிட்டாரு."

சொல்லச் சொல்ல அவரே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேனேஜர் உருகிப்போய் ரவுண்ட்ஸ் நோட்டைப் பிரித்தார். 'காலை 9. நெஞ்சு தெளிவு. நோயாளி நலம்.' டாக்டர் கையெழுத்தாக இருந்தும் நன்றாகவே படிக்க முடிந்தது.

டபுள் மாஸ்க் விளக்கக் கடிதத்தைப் பெரிய டாக்டரிடம் நீட்டினாள். "நீங்க தனியாப் படிச்சுக்கிட்டா நல்லது சார்."

தொற்றுநோய் வார்டுக் காகிதம்! பெரிய டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"கிட்ட வராதே. அங்கேயே நின்னு சத்தமாப் படி. மேனேஜரும் கேக்கட்டும்."

"வேண்டாம் சார்..."

"படிங்கறேன்ல?"

படித்தாள்.

"காலை ஆறு மணிக்குப் பெரியவருக்கு மூச்சு முட்டியது. உடனே வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி நைட் டியூட்டி டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸில் கூடப் போக யாரும் முன்வரவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஏறிவிட்டேன். ஏழு மணிக்கு அங்கே சேர்த்தோம். பெரியவர் என் கையை விடவில்லை, அதனால் பதினோரு மணிவரை அங்கேயே இருந்தேன். இப்போது பிழைத்துக்கொண்டார். எட்டு மணிக்கு நான் வார்டில் இல்லாதது தவறுதான். மன்னிக்கவும்."

மேனேஜர் நோட்டை மறுபடியும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"டாக்டர், ஒன்பது மணிக்கு நீங்க ஸ்டெத் வெச்சது யாரு நெஞ்சுல?"