பின்பட்டியில் அடைபட்ட செவலை

எங்கள் மூத்தவள் பிரசவத்துக்குப் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டில் ஸ்டெல்லாக்கா சொன்ன கதை இது.

தாயில்லாத ஆட்டுக்குட்டி செவலை ஒருநாள் வேலி தாண்டினான். மந்தைத் தலைவனான கிடாவின் மகனும் கூடத்தான் தாண்டினான். அவனுக்கு அப்பாவிடம் ஒரு முட்டு, அதோடு சரி. செவலையை மட்டும் மந்தைப் பெரியவர்கள் பின்பட்டியில் தனியே அடைத்தார்கள். வேளைக்குத் தழை வந்தது. பாறையேறப் பழக்கத்தான் யாரும் வரவில்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மந்தை கூடும். அடைபட்ட குட்டி அன்று "என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் மறுக்கக் கூடாது. அதுதான் மந்தைச் சட்டம். அடுத்த பட்டிப் பெட்டையாடு வெள்ளச்சிக்கு அது தெரியும். அவனாகக் கேட்கட்டுமே என்று அசைபோட்டபடி இருந்துவிட்டாள்.

கோடையில் கீழே புல் தீர்ந்தது. எல்லாப் பட்டியையும் திறந்து, மந்தை மலைக்குப் புறப்பட்டது. செவலை முதல் பாறையிலேயே ஏறத் தெரியாமல் நின்றுவிட்டான்.

"அப்பவே கேட்டிருந்தா எங்களோட ஏறிப் பழகியிருப்பியேடா!" என்றாள் வெள்ளச்சி.

"கேக்கலாமா அத்தே? யாரும் சொல்லலியே."

வெள்ளச்சி அசைபோடுவதை நிறுத்தினாள். மந்தை நகர, அவளும் ஏறினாள். உச்சிக்குப் போன பிறகும் கீழிருந்து செவலையின் குரல் வந்தது.

"அத்தே, மேலே என்ன தழை இருக்கு?"

இன்றைக்கு ஜெபம் பண்ணும்போது செவலைக்கும், அவனைப்போல் அடைபட்ட பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.