டெங்கில் திடலில் குளோரியாவின் பலூன்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மலேசியாவில், டெங்கில் ஊர்த் திடலில் குளோரியா பறக்கவிட்ட பலூனைப் பற்றிச் சொல்கிறேன்.

குளோரியா கிள்ளானில் அறிவியல் டீச்சர். ஹீலியம் பலூனில் கேமராவைக் கட்டி, எல்லாமே உறைந்துபோகும் வானத்தின் உச்சிக்கு அனுப்ப வேண்டும் என்று அவளுக்கு மூன்று வருட ஆசை. போன வருடப் பலூன் தரையிலேயே வெடித்துவிட்டது. யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறார்கள். கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே அந்த மெல்லிய ரப்பர் நைந்துவிடுமாம். அதனால் இந்த முறை தனக்கும், கணவன் பிராண்டனுக்கும், கூட வந்த இரண்டு டீச்சர்களுக்கும் நான்கு ஜோடி கையுறை வாங்கிவந்தாள்.

காலை பத்து மணிக்குப் பலூன் ஆள் உயரத்துக்கு மேல் உப்பிய நேரம், காற்று எழுந்தது. பலூன் முள்வேலிப் பக்கம் சாய்ந்தது.

"அந்தப் பக்கம் போய்ப் பிடிங்க, பிராண்டன்!" என்று கத்தினாள் குளோரியா.

"எனக்கு ரெண்டு கைதான்லா இருக்கு!"

வேலிக்கு ஒரு சாண் இருக்கையில், அந்தப் பக்கம் யாரும் இல்லாமலே, பலூன் நின்றது. மெல்ல நிமிர்ந்தது. நால்வரும் கையை விட்டார்கள். அது நேராக மேலே ஏறி, பொட்டாகி, மறைந்தது.

"பாத்தீங்களா, என் பலூன்!" என்று குளோரியா சின்னப் பிள்ளைபோலக் குதித்தாள்.

பிறகு எல்லாரும் கழற்றிப் போட்ட கையுறைகளை எண்ணி எடுத்தாள். ஐந்து ஜோடி இருந்தன. ஐந்தாவது ஜோடியின் விரல் நுனிகளில், அந்த வெயிலிலும், ஐஸ் படிந்திருந்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியர், "எத்தனை பேர் சேர்ந்து பலூனை விட்டீங்க, டீச்சர்?" என்று கேட்டார்.

"அஞ்சு பேர், சார்," என்றாள் குளோரியா, தலை நிமிர்ந்து.

உங்கள் வீட்டுக் காரியத்துக்கும் ஒருநாளும் கை குறையாமல் இருக்கட்டும், கண்ணுகளா.