சிவப்புக் கோடு

“பவர் ஸ்டியரிங்கைக் கழட்டிட்டீங்களா? நல்லா இருந்ததை எதுக்குக் கழட்டினீங்க?”

ஆக்லாந்துக்குக் கிளம்பப் பத்து நாள்தான் பாக்கி. மடித்துக்கொண்டிருந்த சேலையைப் பெட்டிக்குள் எறிந்தாள் இந்திராவதி.

“ஸ்போர்ட்ஸ் கார்னா ரோடு கையில தெரியணும், இந்திரா. பவர் ஸ்டியரிங் இருந்தா மெத்தை மேல ஓட்டற மாதிரி இருக்கு” என்றார் பாலசுப்பிரமணி, கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி.

“பதினாலு வருஷமா மெத்தை மேலதானே ஓட்டினீங்க? இப்பத்தான் உறைச்சுதா? விக்கப்போற காருல ரோடு தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?”

அவர் துணியை உதறி மறுபடியும் கையைத் துடைத்தார்.

“அதோட ஆயில் டப்பாவுல என் நெயில் பாலிஷால கோடு போட்டு வெச்சேனே, நீங்க வழிய வழிய ஊத்தறீங்கன்னு. அதுவும் போச்சா?”

“எல்லாம் போச்சு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அந்தத் தீவு நாட்டின் சின்ன ஊரான நவுவாவில் அவருடைய சிவப்புக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல் அதைக் கழுவுவார். போன வருஷம் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அதோடு கடை வியாபாரம் படுத்தது. ஆக்லாந்திலிருக்கும் மகள் அஷ்னிதா, “இங்கேயே வந்துடுங்க” என்று காகிதமெல்லாம் அனுப்பிவிட்டாள். காரை விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான். இந்த நேரத்திலா இந்தக் கூத்து?

போனில் மகளிடம் புலம்பினாள்.

“விடும்மா. டாடி இங்கே வந்ததும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாம்” என்று அஷ்னிதா தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் காரைப் பார்க்க வந்த கிரிஷ் வாட்டசாட்டமான பையன். வாசலில் ஒரு வட்டம் திருப்புவதற்குள் அவனுக்கே வியர்த்துவிட்டது.

“அங்கிள், இது ஸ்போர்ட்ஸ் காரா, பழைய டாக்ஸியா?”

கடைசியில் அவன் கேட்ட விலைக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. இந்திராவதி அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது திறந்தாள்.

“மகேந்திரா அண்ணனுக்கு ஏதாவது செஞ்சீங்களா?”

போன வருஷக் கலவரத்தில் அவர்கள் கடை மேல் கல் வீசினார்கள். உள்ளே இந்திராவதி தனியாக இருந்தாள். டாக்ஸியை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடிவந்து ஷட்டரை இழுத்து மூடியவர் மகேந்திரா. மூடி முடிப்பதற்குள் ஒரு கல் அவருடைய வலது தோளில் வந்து விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் கை சரியாக எழும்புவதில்லை. டாக்ஸியை விற்றுவிடப் போவதாகப் பேச்சு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மூன்று பேர். எந்த நாட்டிலிருந்தும் அவரைக் கூப்பிட ஆளில்லை.

“பணம் கொண்டுபோனேன், கவரைப் பிரிக்காமலே திருப்பிட்டார். டி.வி.யைக் கொடுத்தேன், சாயங்காலமே கொண்டுவந்து எறக்கிட்டார். ‘தங்கச்சிக்காகக் கதவு சாத்தினதுக்குக் கூலியா?’ன்னு கோவிச்சுக்கிறார். நான் என்ன செய்ய?”

“ஆமா, காரைக் கெடுக்கத்தான் உங்களுக்கு நேரம் இருக்கு. நன்றி கெட்டவங்களா நாட்டை விட்டுப் போறோம். எனக்கு சோறு எறங்கலை.”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

கிளம்புகிற அன்று காலையில் வாசலில் வந்து நின்றது மகேந்திராவின் டாக்ஸி.

“ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன் மச்சான். வாடகைன்னு வாயைத் திறந்தா எறக்கி விட்டுருவேன்” என்று சொல்லிக்கொண்டே இடது கையாலேயே பெட்டிகளை ஏற்றினார்.

“டாக்ஸியை விக்கலையாண்ணே?”

“எதுக்கு விக்கணும்? உக்காரு தங்கச்சி.”

இடது கையால் ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினார். வண்டி சொன்னபடி வளைந்து சாலைக்கு வந்தது.

“தோள் சரியாயிடுச்சா?”

“தோள் எங்கே சரியாச்சு? வண்டிதான் சரியாச்சு. அப்புறம் காட்டறேன்.”

ஒரு மணி நேரம் போயிருக்கும். கடலோர மேட்டில் ஏறும்போது எஞ்சின் சூடாகிவிட்டது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தார். இந்திராவதி தண்ணீர் பாட்டிலோடு இறங்கினாள்.

“இங்கே பாரு. பவர் ஸ்டியரிங்! எங்கேயோ இடிச்சு நொறுங்கின கார்ல இருந்து எடுத்ததாம். ரெண்டும் ஒரே கம்பெனி வண்டியா, அப்படியே பொருந்திடுச்சு. குப்பையில கிடந்ததுன்னு மெக்கானிக் சும்மாவே மாட்டிக் கொடுத்துட்டான். தினமும் சாமிக்கு ஒரு கும்பிடு, அந்தக் கார்க்காரனுக்கு நன்றியா ஒரு ‘வினாகா’ சொல்லிட்டுத்தான் வண்டியை எடுக்கறேன். எங்கே இருந்தாலும் அவன் நல்லா இருக்கணும்.”

இந்திராவதி குனிந்து பார்த்தாள்.

ஆயில் டப்பாவின் மேல் சிவப்பாக ஒரு கோடு. அவளுடைய நெயில் பாலிஷ்.

திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவரோ கடலையே இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயே சொல்லு தங்கச்சி. எனக்கு இது கிடைச்சதே பெரும் புண்ணியம். மச்சான் என்னடான்னா, இருந்ததைக் கழட்டி எறிஞ்சிருக்கார். ஊரே சிரிக்குது. ஆக்லாந்துலயாவது இவரைக் கொஞ்சம் அடக்கி வை.”

இந்திராவதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“மாட்டேண்ணே” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அங்கே வாங்கற காரையும் இவர் இஷ்டப்படியே கழட்டட்டும்.”