பதினாறு பின்னல்

“நான் பின்னி முடிக்கிற வரைக்கும் உன் பொண்ணு வாயே தொறக்க மாட்டா. அந்த அதிசயத்தப் பாக்கக் கல்வராயன் மலையே எழுந்து வரும், பாரு” என்றான் பஸ் கண்டக்டர் பிலிப்பு, மனைவியிடம்.

அமலோற்பவம் சிரித்துவிட்டாள். ஏழு வயது அனிட்டாவின் சுருட்டை முடி அந்த மாதம் மட்டும் ஒன்பது சீப்புகளைத் தின்றிருந்தது. சீப்பைக் கண்டதும் அவள் போடும் சத்தத்தில் வடக்கனந்தல் நாய்களெல்லாம் ஊரைக் காலி செய்துவிடும்.

“அவ அழுதான்னா, இன்னிக்கே சலூனுக்கு இட்டுனு போயி முடிய ஒட்ட வெட்டிக்கினு வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள்.

திரும்பியபோது, சலூனுக்குத் துணைக்கு வந்த நாத்தனார் செலின் வாசலில் நின்றாள்.

“இன்னா அண்ணி, வூட்டுல சத்தமே காணோம்?”

உள்ளே அனிட்டாவின் தலையில் பதினாறு பின்னல்கள் வரப்பு பிடித்தாற்போல ஓடின. தண்ணீரும் தேங்காயெண்ணெயும் தடவி, விரலாலேயே சிக்கெடுத்திருந்தான் பிலிப்பு. அவள் கண்ணில் ஈரமே இல்லை.

“இன்னா குடுத்து ஏமாத்துனீங்க?”

“அப்பா மொதல்ல அழாம உக்காரணும்னு சொன்னேம்மா” என்றாள் அனிட்டா.

பிலிப்பு தலைத்துண்டை அவிழ்த்தான். அவனுடைய சுருட்டை முடியிலும் பதினாறு பின்னல்கள், ரிப்பனோடு, கோணல்மாணலாக நட்டுக்கொண்டு நின்றன.

“இதோடவா டூட்டிக்குப் போவீங்க?”

“பேச்சுன்னா பேச்சு. நாளைக்கு வரைக்கும் அவுக்கக் கூடாதாம்.”

அமலோற்பவம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அண்ணி, சலூன் மூடிடுவான்” என்றாள் செலின்.

“வெட்ட வேணாம் செலினு. அழாம உக்காந்தாங்க, ரெண்டு பேருமே. வெட்டணும்னு சொன்ன நானே சொல்றேன்.”