விரலுக்கடியில் போன் வயர்

பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டியிருந்த துரைப்பாண்டியிடம் ஒழுங்காக இருந்தது கழுத்து டை ஒன்றுதான். என் மகள் தங்கபுஷ்பத்தின் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கப் போயிருந்தோம். தேறினால் நர்சிங், தேறாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை. மோடம் என்கிற அந்தப் பெட்டி கழுத்தறுபட்ட கோழி மாதிரிக் கத்தும், இன்டர்நெட் வரும், பாதிப் பக்கம் தெரிவதற்குள் அறுந்துபோகும். போனை வாங்கிக் காதில் வைத்தேன். கடுகு பொரிகிற சத்தம்.

"மழை பேஞ்சா லைனுக்கு ஜலதோஷம் பிடிக்கும், அண்ணாச்சி."

"ஒனக்கு மூளைலயே பிடிச்சிருக்குல."

ஜன்னலுக்கு மேலே போன் வயர் வந்து சேரும் டப்பாவை அவன் குடைந்து பார்த்தான். ஒரு வயரை அழுத்திப் பிடித்தால் இரைச்சல் நின்றது. உடனே ஸ்டூலைப் போட்டு என்னை ஏற்றிவிட்டான்.

"கைய மட்டும் எடுத்துராதீங்க. எடுத்தா எல்லாம் போச்சு."

ஒரு ஸ்க்ரூவை முடுக்கத் துப்பில்லை, மனுஷனை மாட்டிவைக்கிறான்.

சுவரைப் பார்த்தபடி அழுத்திக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் மோடம் கத்தி அடங்கியது. அவன் தங்கபுஷ்பத்தின் பரீட்சை நம்பரைத் தட்டினான்.

"என்னல, வந்துச்சா?"

அந்த வாயாடிப் பயல் வாயைத் திறக்கவில்லை.

"யப்பா," என்றாள் தங்கபுஷ்பம். "போதும்பா. கைய எடுத்துட்டு எறங்குங்க."

நான் எடுக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன்.

"அந்தப் பெட்டி சொல்றத நம்பாத. மறுபடியும் பாக்கச் சொல்லு அவன."