அத்தை கேட்ட அருவி

"அத்தைக்குக் காது மந்தம். நீங்க கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றாள் மருமகள்.

கொல்லையில் அருவி கட்டித்தர வந்தவர் தலையாட்டிவிட்டு, மாமியாரின் காதருகே குனிந்து, தெருக்கோடிக்கே கேட்கும்படி விளக்கினார். குளம் கிடையாது. குழி தோண்டி, ரப்பர் ஷீட் விரித்து, பம்பை உள்ளே இறக்கி, மேலே கூழாங்கல்லால் மூடிவிடுவார். பின்னால் அடுக்கிய பாறைக்கல்லிலிருந்து விழுகிற தண்ணீர் கூழாங்கல்லுக்குள் மறைந்துபோகும். பம்பு அதையே திரும்ப மேலே ஏற்றும். கொசுத்தொல்லை இல்லை, குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கும் பயமில்லை என்றார். மருமகள் வேறு பக்கம் பார்த்தாள்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து மாமியார் ஒரே பதில் சொன்னாள்.

"எங்கயோ ஒரு மூலையில வேண்டாம். என் ஜன்னலுக்கு நேரா வரணும்."

அருவி என்று பேச்சு வந்ததுமே மருமகள் சமையலறைப் பக்கம் இடம் பார்த்து வைத்திருந்தாள். பாதிநாள் அவள் நிற்பது அங்கேதான். உண்மையில் அவள் கேட்டது அருவியே அல்ல. கணவன் கைக்குக் கொஞ்சம் பணம் வந்தபோது, முதலில் அத்தைக்குக் காது மிஷின் வாங்கலாம் என்றுதான் சொன்னாள். காது டாக்டரிடம் கூப்பிட்டால் ஒருமுறை முழங்கால் வலி, அடுத்தமுறை தலைசுற்றல். கடைசியில், செலவு பண்ணியே தீருவோம் என்றால் ஒரு அருவி கட்டிக் கொடுங்கள் என்று மாமியார் கேட்டுவிட்டாள். காது கேட்காதவளுக்கு அருவியா என்று மகன் தலையில் அடித்துக்கொண்டான். செவிடன் காதில் ஊதின சங்காவது ஊதியதோடு போகும். இதற்குக் கரண்ட் செலவு வேறு.

மருமகள்தான் அவனைச் சமாதானப்படுத்தினாள். அத்தை எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்ல அவளுக்கு மனசு வராது.

அவள் அக்காவுக்கு வாய்த்த மாமியாருக்குப் பாம்புச் செவி. இரவு அறைக்குள் முணுமுணுத்தது காலையில் பஞ்சாயத்துக்கு வந்துவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. மருமகள் கல்யாணமாகி வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகிப்போன காது. போன வருஷம் வயிற்றில் வந்த குழந்தை தங்காமல் போனபோது, மருமகள் தன் அறையில் வாய்விட்டு அழுதாள். கணவனோடு சண்டை போட்டாள், அம்மாவிடம் போனில் புலம்பித் தீர்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் அசையாமல் படுத்திருந்தாள். விடிந்தால் ஒரு கேள்வி கிடையாது. அடுப்படியைத் தானே பார்த்துக்கொண்டு, நீ போய்ப் படு என்பாள், அவ்வளவுதான்.

அப்படி அழ ஓர் அறை கிடைத்திருக்காவிட்டால் தேறியிருக்கவே மாட்டோம் என்று மருமகளுக்குத் தெரியும். அத்தையின் காதைப் பிடுங்கித்தான் கடவுள் தனக்கு அந்த அறையைக் கொடுத்தார் என்று நினைப்பாள். நினைத்ததும் வெட்கமாக இருக்கும். மிஷின் வந்தால் அந்த அறை போய்விடும் என்று தெரிந்தேதான் மிஷினுக்குப் பிடிவாதம் பிடித்தாள்.

வேலை முடிந்த அன்று பம்பைப் போட்டார்கள். படுக்கையறை ஜன்னல் என்பதால், தண்ணீர் கல்லை ஒட்டியே வழுக்கிக்கொண்டு இறங்கும்படி, சத்தமில்லாமல் அமைத்திருந்தார் அருவிக்காரர். மாமியார் முகம் சுளித்தாள். இன்னும் சத்தம் வேண்டுமாம்.

அவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று மருமகள் தன் அறைக்கு வந்து, அம்மாவுக்குப் போன் போட்டாள். அருவி ஓடிக்கொண்டிருந்தாலும் குரலைத் தாழ்த்தியே பேசினாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது, டாக்டரும் உறுதி செய்துவிட்டார், போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்ற பயத்தில் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை என்றாள். போனை வைத்துவிட்டுத் துணிகளை மடிக்க உட்கார்ந்தாள்.

பம்பு நின்றது. அந்த நிசப்தத்தில், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமியாரின் குரல் வந்தது. அறையில் தனியாகப் படுப்பவள் யாரோடு பேசப்போகிறாள்? அதனால் அந்த அறையிலிருந்து பேச்சு கேட்பது இதுதான் முதல் தடவை. ஜன்னல் வழியாக அருவிக்காரரிடம் தணிந்த குரலில்தான் பேசினாள். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"சத்தம் பத்தாது தம்பி. மருமக அவங்கம்மாகிட்ட இப்ப போன்ல பேசினது அப்படியே கேக்குது."

"அம்மா, உங்களுக்குத்தான் காது..." அருவிக்காரர் இழுத்தார்.

"காதுக்கு ஒரு குறையும் இல்ல. எனக்குக் கேக்கும்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு மனசுவிட்டு அழக்கூட மாட்டா. அதான் செவிடாவே இருந்துட்டேன். நடிச்சு நடிச்சு அலுத்துப்போச்சு. இப்ப நல்ல சேதி வேற. அதை அவளா வந்து எங்கிட்ட சொல்றப்பதான் நான் கேக்கணும். நீ மேல்கல்லைக் கொஞ்சம் முன்னால தள்ளி வைப்பா, தண்ணி நேரா சத்தமா விழட்டும், நான் நிஜமாவே செவிடாயிடறேன்."

மருமகளின் மடியிலிருந்த துணி நழுவியது. கொஞ்ச நேரம் அழுதாள். இந்தத் தடவை சத்தம் வராமல். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். அருவிக்காரர் கல்லை நகர்த்தக் கடப்பாரை எடுத்துவரப் போயிருந்தார். மாமியாரின் காதருகே குனிந்து, அந்தக் காது மந்தமென்று ஆனதிலிருந்து முதல் தடவையாகக் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அத்தை, நீங்க பாட்டியாகப் போறீங்க."

மாமியார் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கண்கள் நிறைந்திருந்தன.

"சரியாக் காதுல விழலைம்மா. இன்னொரு தடவை சொல்லு."